மூளைக்கட்டி ஆய்வில் சேர்வது எப்படி? டர்பனில் முதன்முறை அலைகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவருக்கு மூளைக்கட்டி என்று தெரிந்த மூன்றாம் நாளே வாட்ஸ்அப் நிரம்பிவிடும். "அமெரிக்காவில் புது மருந்து வந்திருக்காம், ட்ரையல்ல போடச் சொல்லுங்க" என்று மதுரையில் இருந்து சித்தப்பா எழுதுவார். இங்கே டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் ஆன்ட்டி ஒரு காணொளி அனுப்புவார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் அண்ணன் கோயிலில் தவில் வாசிக்கிறவர். அந்த வருடம் காவடியின்போது வலது கை தாளம் விட்டது. வயதாகிறது என்று எல்லோரும் சிரித்தோம். இரண்டு வாரம் கழித்து அதே கை துடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.

நான் டாக்டர் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன். அண்ணனோடு ஒன்றரை வருடம் அலைந்ததில் ஒன்று புரிந்தது. ட்ரையல் என்கிற மருத்துவ ஆய்வின் கதவைத் திறப்பதும் சாத்துவதும் பெரும்பாலும் அன்றாடச் சின்ன விஷயங்கள்தான். ஸ்டீராய்டு எத்தனை மில்லிகிராம் ஓடுகிறது, வலிப்புக்கு எந்த மாத்திரை, வெட்டி எடுத்த சதைத்துண்டு எந்த லேபில் கிடக்கிறது, இவைதான். இவை தெரியாமல் புது மருந்தைத் தேடி ஓடினால் நாங்கள் திரும்பியது போலத்தான் திரும்பவேண்டி வரும். அதனால் நான் போன வரிசையில் சொல்லாமல், போயிருக்கவேண்டிய வரிசையில் சொல்கிறேன்.

முதலில் கட்டியின் முழுப்பெயர்

"மூளைக்கட்டி" என்பது பெயர் இல்லை, ஊர் பெயர் தெரியாமல் "இந்தியா" என்று முகவரி எழுதுவது போல. அது மூளையிலேயே முளைத்ததா, நுரையீரலில் இருந்தோ மார்பகத்தில் இருந்தோ பரவி வந்ததா என்பது முதல் கேள்வி. இரண்டுக்கும் சிகிச்சையும் வேறு, ஆய்வுகளும் வேறு.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டு: அது கட்டிதானா? காசநோய் மூளையில் உருண்டையாகத் திரளும். நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் மூளையில் நீர்க்கொப்புளம் வரும். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமியும், லிம்ஃபோமா என்ற புற்றும் ஸ்கேனில் கட்டி போலவே தெரியும். அதனால் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஒப்புதல் கேட்பார்கள். எங்கள் அண்ணி அன்று கோபப்பட்டு எழுந்துவிட்டார். கோபப்பட ஒன்றுமில்லை, அது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி இல்லை. லிம்ஃபோமா என்று சந்தேகம் இருந்தால், பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்காமல் இருக்கப் பார்ப்பார்கள். அந்த மருந்தில் லிம்ஃபோமா கரைந்து போய், எடுத்த சதையில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

(ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது நினைத்துக்கொள்ள ஒன்று: சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணக்கைப் போட்ட ஆலன் கார்மாக் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் வேலை பார்த்தபோதுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. 1979இல் நோபல் பரிசு.)

பயாப்ஸியோ அறுவையோ முடிந்ததும் நோயியல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டுக்குப் பிறகு, நுண்ணோக்கியில் தெரிந்ததை மட்டும் வைத்துப் பெயர் சொல்வதில்லை, மரபணு விவரமும் வேண்டும். கிளையோமா (மூளையின் தாங்கு செல்களில் முளைப்பது) வகைக் கட்டி என்றால் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தரம் 1 முதல் 4 வரை எது? ஐ.டி.எச். மரபணு மாறியிருக்கிறதா? 1பி/19க்யூ என்ற இரண்டு குரோமோசோம் துண்டுகளும் சேர்ந்து காணாமல் போயிருக்கின்றனவா? எம்.ஜி.எம்.டி. என்ற மரபணுவில் மெத்தில் ஏறியிருக்கிறதா? கடைசியானது இருந்தால் டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை கூடுதலாக வேலை செய்யும். பெரும்பாலான கிளையோமா ஆய்வுகளில் "யார் சேரலாம்" என்ற பட்டியல் இந்த விவரங்களில்தான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்று, சதைத்துண்டு. அதை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டையாக வைத்திருப்பார்கள், "பிளாக்" என்பார்கள். அரசு மருத்துவமனை என்றால் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையில் இருக்கும், தனியார் என்றால் அந்தந்த லேபில். பல ஆய்வுகள் அந்த பிளாக்கைத் தங்கள் மைய ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லும். அண்ணனுடைய பிளாக் எங்கே என்று ஒரு லேபில் கேட்டு, அவர்கள் இன்னொரு கிளையைக் கைகாட்டி, அது கையில் வர மூன்று வாரம் ஆயிற்று. அறுவைக்குப் பிறகு இத்தனை வாரத்துக்குள் கதிர்வீச்சு ஆரம்பிக்கவேண்டும் என்று ஆய்வுகளில் கெடு இருக்கும். எங்கள் கெடுவில் பாதியை அந்தக் கட்டை தின்றுவிட்டது. அறிக்கையில் இருக்கும் லேப் எண்ணை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு நோட்டு

கட்டியைச் சுற்றி மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, கை கால் இழுப்பு எல்லாம் பல நேரம் அந்த வீக்கத்தின் வேலை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தால் இரண்டு நாளில் ஆள் எழுந்து உட்காருவார். வீட்டில் எல்லோரும் அந்த மாத்திரையைச் சாமியாகக் கும்பிடுவோம். நாங்களும் கும்பிட்டோம், குறைக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாளுக்கு 12 மில்லிகிராம் ஏழு வாரம் ஓடியது. அப்புறம் ஒரு நோயெதிர்ப்பு மருந்து ஆய்வுக்கு அண்ணனின் பெயரைக் கொடுத்தபோது, முதல் கேள்வியே ஸ்டீராய்டு அளவுதான். 4 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களை அதில் சேர்ப்பதில்லை. காரணம் சுலபம். அந்த மருந்து உடலின் காவல்படையை எழுப்பப் பார்க்கும், ஸ்டீராய்டு அதே படையைத் தூங்கவைக்கும்.

ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. வாரக்கணக்கில் எடுத்தவர்களுக்கு உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதையே மறந்திருக்கும். திடீரென்று விட்டால் மயங்கி விழுவார்கள். படிப்படியாக எப்படி இறக்குவது என்று டாக்டரிடம் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். "எது குறைந்த அளவில் ஆள் நன்றாக இருக்கிறாரோ அந்த அளவு போதும்" என்பதுதான் அவர்களுடைய கொள்கையும். ஆனால் வேலைப்பளுவில் அது தள்ளிப்போகும். நீங்கள் கேட்டால்தான் நடக்கும்.

நோட்டில் தினமும் நான்கு வரி: ஸ்டீராய்டு அளவு, சர்க்கரை அளவு, தூக்கம், நடை. நம் குடும்பங்களில் சர்க்கரை ஏற்கெனவே இருக்கும், இந்த மாத்திரை அதை 20ஐத் தாண்டி ஏற்றிவிடும் (இங்கே மில்லிமோல் கணக்கு. ஊரில் சொல்லும் 360க்குச் சமம்). தொடைத் தசை கரைந்து, கழிப்பறையில் இருந்து எழ முடியாமல் போவதும் இதனால்தான். கட்டி வளர்ந்துவிட்டது என்று நாங்கள் அழுதோம், அது ஸ்டீராய்டு வேலை. ராத்திரி தூக்கம் போகும் என்பதால் மாத்திரையைக் காலையிலும் மதியத்துக்குள்ளும் கொடுக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். புரட்டாசி விரதம் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லவேண்டும். பெருமாள் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வலிப்பு

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி திணிப்பது இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே துணி, போனில் நேரம் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ ஒன்று முடிந்து நினைவு வராமலேயே அடுத்தது வந்தாலோ 10177, செல்போனில் இருந்து 112.

எந்த மாத்திரை என்பதில்தான் ஆய்வு நுழைகிறது. பெனிடாயின், கார்பமசெபின் போன்ற பழைய மருந்துகள் கல்லீரலை முடுக்கிவிட்டு, மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். சோதனை மருந்தும் அதோடு கரைந்தால் ஆய்வுக்காரர்களுக்கு என்ன பயன்? அதனால் பல ஆய்வுகள் அந்த மருந்து எடுப்பவர்களைத் தவிர்க்கும். லெவெடிராசெட்டாமுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் அதில் சிலருக்குக் கோபம் ஏறும். சாந்தமான மனிதர் தட்டை வீசினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. வலிப்பே வராதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகப் பல மாதம் வலிப்பு மாத்திரை கொடுப்பதால் பலன் இல்லை என்பதையும் ஆய்வுகள்தான் காட்டின.

கட்டுப்படாத வலிப்பு இருப்பவர் இந்த நாட்டுச் சட்டப்படி வண்டி ஓட்டக்கூடாது. தீமிதிக்கும் காவடிக்கும் அதே கணக்கு என்று நான் நினைக்கிறேன். எங்கள் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, கோயில் தலைவர் சொல்லித்தான் கேட்டார்.

கால் ஒன்று மட்டும் வீங்கினாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. மூளைக்கட்டிக்காரர்களுக்கு ரத்தம் உறைவது அதிகம்.

வழக்கமான சிகிச்சை எது என்று தெரிந்துகொண்டு தேடுங்கள்

கிளையோபிளாஸ்டோமாவுக்கு (தரம் 4 கட்டி) உலகம் முழுக்க இன்று கொடுக்கிற சிகிச்சை, 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின் பலன். 573 பேர். பாதிப்பேருக்குக் கதிர்வீச்சு மட்டும், மீதிப்பேருக்கு அதோடு டெமோசோலோமைடு. கதிர்வீச்சு 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), 30 தடவையாகப் பிரித்து ஆறு வாரம். நடுத்தர ஆயுள் (பாதிப்பேர் தாண்டிய காலம்) 12.1 மாதத்தில் இருந்து 14.6 மாதம் ஆயிற்று. இரண்டரை மாதம்தானா என்று தோன்றும். ஆனால் இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 10 பேராக இருந்தது 26 பேராக உயர்ந்தது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று வாரக் கதிர்வீச்சோடு அதே மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது: 7.6 மாதம் 9.3 ஆயிற்று. உங்களுக்கு வரும் புது ஆய்வு இந்த எண்களோடுதான் போட்டி போடுகிறது. வழக்கமான சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆய்வுக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஏமாற்றங்களும் தெரியவேண்டும். பெவாசிசுமாப் என்ற ஊசி ஸ்கேனைப் பார்க்க அழகாக்கியது, வீக்கம் வடிந்தது. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களுக்கு அது ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014இல் இரண்டு பெரிய ஆய்வுகள் சொல்லின. தோலில் வரும் மெலனோமாவில் அதிசயம் செய்த நிவோலுமாப், திரும்பி வந்த கிளையோபிளாஸ்டோமாவில் பெவாசிசுமாபை மிஞ்சவில்லை. நல்ல செய்தி தரம் 2 கட்டிகளில் வந்தது. ஐ.டி.எச். மாற்றம் உள்ளவர்களுக்கு வோராசிடெனிப் மாத்திரை, கட்டி வளராமல் இருந்த காலத்தை 11.1 மாதத்தில் இருந்து 27.7 மாதமாக்கியது. 331 பேரிடம் நடந்த ஆய்வு, 2023. வாட்ஸ்அப்பில் வரும் "புது மருந்து" பல நேரம் இதுதான். தரம் 4 கட்டிக்கு இது செய்யப்பட்டதல்ல. முழுப்பெயரை ஏன் முதலில் கேட்கச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எங்கே தேடுவது

இந்த நாட்டில் ஆய்வுகள் நிறைய நடக்கின்றன, ஆனால் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும்தான் அதிகம். மூளைக்கட்டிக்கு எதிர்பார்ப்பைச் சிறிதாக வைத்துக்கொண்டு தேடுங்கள். தென்னாப்பிரிக்க தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு, கேப்டவுனில் இருந்து நடக்கும் அகில ஆப்பிரிக்கப் பதிவேடு, அமெரிக்க அரசின் கிளினிக்கல் ட்ரையல்ஸ் தளம் மூன்றும் இணையத்தில் இலவசம். "கிளையோமா", "சவுத் ஆப்பிரிக்கா", "ஆட்களைச் சேர்க்கிறது" என்ற மூன்றையும் சேர்த்துத் தேடவேண்டும். முடிந்துபோன ஆய்வுகளைப் பார்த்து ஏங்கி ஒரு வாரம் வீணாக்கினேன்.

அதைவிட வேகமான வழி, உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேட்பது. டர்பனில் அரசு வழியில் மூளை அறுவை என்றால் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனை. அங்கே நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது, கீழ்மட்ட மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். காகிதக் கோப்பு இல்லாமல் கணினியிலேயே எல்லாம் வைக்கும் இடம் என்பதால், ஒவ்வொரு முறையும் சுருக்க அறிக்கையை அச்சிட்டும் ஸ்கேனைக் குறுந்தகட்டிலும் கேட்டு வாங்கி வையுங்கள். வெளியூர் ஆய்வு மையம் அதைத்தான் முதலில் கேட்கும். ஜோகன்னஸ்பர்க் என்றால் ஒரு வழிக்கு 570 கிலோமீட்டர். மாதம் இரண்டு முறை யார் கூடப் போவது என்பதை முதலிலேயே குடும்பத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

மருந்து ஆய்வு என்றால் சாப்ரா என்ற தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் அனுமதியும், பதிவுபெற்ற அறநெறிக் குழுவின் அனுமதியும் இருக்கவேண்டும். இரண்டின் எண்ணும் தொலைபேசியும் ஒப்புதல் படிவத்திலேயே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டாலும் அப்படியே.

கையெழுத்துக்கு முன்

படிவம் இருபது முப்பது பக்கம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும் என்பதும் சட்டம். இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறோம். டர்பனில் பிறந்தவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி மாதிரி. ஊரில் இருந்து வந்த சிற்பிகள், குருக்கள், மேளக்காரர்களுக்கு அப்படி இல்லை. அண்ணனிடம் ஆங்கிலத்தில் கேட்டபோது எல்லாவற்றுக்கும் "யெஸ் டாக்டர்" என்றார். தமிழில் திருப்பிக் கேட்டேன், "பாதிப் பேருக்குச் சக்கரை மாத்திரை மாதிரி வெறும் மாத்திரை வரலாம்னு சொன்னாங்களே, புரிஞ்சுதா?" "அப்படியா சொன்னாங்க?" என்றார். அதனால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை அந்த வேலைக்கு வைக்காதீர்கள், கசப்பான வரிகளை அவர்கள் விழுங்கிவிடுவார்கள். நானே விழுங்கியிருக்கிறேன்.

மொழி இன்னொரு இடத்திலும் இடிக்கும். நினைவாற்றல் சோதனையில் பன்னிரண்டு சொற்களை வாசித்துவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். தெரியாத மொழியில் கேட்டால் மூளை கெட்டுவிட்டது போல மதிப்பெண் வரும். விழிக்கவைத்தே செய்கிற அறுவை என்றால் இன்னும் முக்கியம். பேச்சு இருக்கும் இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். எந்த மொழியில் கனவு காண்கிறீர்களோ அந்த மொழியிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேட்கவேண்டியவை: இது எத்தனையாவது கட்டம்? முதல் கட்டம் என்றால் அளவு எவ்வளவு தாங்கும் என்பதைப் பார்ப்பதுதான் முதன்மை நோக்கம், குணமாக்குவது அப்புறம். எந்தக் குழு என்று குலுக்கிப் போடுவார்களா? கூடுதல் ஸ்கேனுக்கு யார் பணம், மெடிக்கல் எய்டா (தனியார் மருத்துவக் காப்பீடு) ஆய்வா? பாதிப்பு வந்தால் காப்பீடு எது? போக்குவரத்துக்கும் செலவான நேரத்துக்கும் சிரமத்துக்கும் ஈடு தருவது இங்கே நடைமுறை, அது எவ்வளவு? ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் நான் சேரமாட்டேன்.

சேர்ந்த பிறகு

எந்த நாளிலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக்கூடாது.

நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். மஞ்சள் மாத்திரை, சித்தக் கஷாயம், பக்கத்து வீட்டு ஸூலு அம்மா கொடுத்த வேர், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டுங்கள். திட்டமாட்டார்கள். ரத்தத்தில் கல்லீரல் எண் ஏறினால் எது காரணம் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். பாதிக்கப்பட்ட திசு வீங்கிக் காட்டும் பொய் வளர்ச்சியாகவும் அது இருக்கலாம். ஆய்வுகளில் இதை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு ரானோ என்று ஓர் அளவுகோலே உண்டு, 2023இல் அதைத் திருத்தினார்கள். அந்த முதல் அறிக்கையைப் பார்த்து ஊருக்கு விமான டிக்கெட் போடாதீர்கள். ஆள் எப்படி இருக்கிறார், ஸ்டீராய்டு ஏற்றவேண்டி வந்ததா என்பதையும் சேர்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அங்கேயும் உங்கள் நோட்டுதான் சாட்சி.

இடம் கிடைக்காவிட்டால்

அண்ணனுக்கு மருந்து ஆய்வில் இடம் கிடைக்கவில்லை. பிளாக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்து அந்தக் கெடுவைத் தின்றன. வழக்கமான சிகிச்சை எடுத்தார். நடுவில், நோயாளிகளின் நினைவாற்றலையும் அன்றாட வாழ்க்கையையும் கேள்வி கேட்டுப் பதிகிற ஓர் ஆய்வில் சேர்ந்தார். மருந்து கிடையாது, மாதம் ஒரு மணி நேரம். இதுவும் ஆய்வுதான். கதிர்வீச்சில் நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியை விலக்கிவிட்டுச் செலுத்தினால் மறதி குறைகிறது என்பதை 518 பேரிடம் பார்த்துச் சொன்ன 2020ஆம் ஆண்டு ஆய்வும், இப்படிப்பட்ட சொல் பட்டியல்களைச் சலிக்காமல் ஒப்பித்தவர்களால் வந்ததுதான்.

இங்கே பதிவாகாத மருந்து ஒன்று உண்மையிலேயே பொருந்தும் என்று டாக்டர் நினைத்தால், மருந்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்கீழ் அந்த ஒரு நோயாளிக்காகச் சாப்ராவிடம் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தாலும் விலை உங்கள் தலையில் விழும், மெடிக்கல் எய்டிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வலி, வாந்தி, பேச்சு தடுமாறுவது, இரவு உளறல் ஆகியவற்றைக் கவனிக்கும் பாலியேட்டிவ் குழுவைக் கடைசி மாதத்துக்கென்று ஒதுக்கிவைக்காதீர்கள். ஆய்வில் இருக்கும்போதே அவர்களும் கூட வரலாம். முழுங்க முடியாத நாள் வந்தால் வலிப்பு மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அண்ணன் நடந்துகொண்டிருந்தபோதே அந்தக் குழுவின் நர்ஸ் அண்ணிக்குக் காட்டிக்கொடுத்தார். ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அது தேவைப்பட்டது. அண்ணி யாரையும் கூப்பிடாமல் தானே செய்தார்.